நாடி பிடித்துப் பார்ப்போம்: நரம்பையும் ஞாபகத்தையும் வீட்டிலேயே கவனிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் கையில் ஏற்றுகிற ஊசிக்கு ‘நரம்பு ஊசி’ என்று பெயர். அது போகிற இடம் நரம்பே கிடையாது, ரத்தக்குழாய். பெருந்துறைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். “நரம்பு சிக்கலீங்களா?” என்று கேட்காத நோயாளி குறைவு. நானும் யாரையும் திருத்தியதில்லை. பேச்சில் நாடியும் நரம்பும் ஒட்டிக்கொண்டே வரும், வரட்டும். ஆனால் மணிக்கட்டில் விரல் வைக்கும்போது மட்டும் பிரித்துத் தெரிந்திருந்தால் நல்லது. விரலுக்குக் கீழே துடிப்பது தமனி. அந்தத் துடிப்பை வேகப்படுத்துவதும் மெதுவாக்குவதும் நரம்பு. அந்த நரம்புக்கு உத்தரவு கிளம்புவது மூளையின் அடித்தண்டிலிருந்து.

இன்னாருக்கு மறதி நோய் வரும் என்று நாடி சொல்லாது. அப்படிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கக்கூடிய சில சங்கதிகளை நாடி காட்டிக்கொடுக்கும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

நானே கோட்டைவிட்ட கதை

என் மாமனார் சென்னிமலையில் குழித்தறி நெய்கிறவர். வயது 74. தறிச் சத்தத்தை வைத்தே பாவில் இழை அறுந்ததைச் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுத் தறியாக இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு மறதி தட்டியது. வாங்கி வந்த நூலை மறந்து மறுபடி போய் நிற்பார். கூலி வாங்கிய பிறகும் கேட்டுச் சங்கடப்படுவார். வயசாச்சு என்று விட்டுவிட்டோம்.

வீட்டில் பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இதயக் குறி விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நானே புதுசு வாங்கிப் போட்டேன். அப்புறமும் மின்னியது. ஒரு நாள் நாடி பிடித்து, 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கி, 76 என்று எழுதி வைத்தேன். 22 வருடம் செய்த வேலையாயிற்றே, அவசரம்.

மாமா தன் இடது மணிக்கட்டில் தானே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மிணி, நாடா சரியா ஓடலையே” என்றார். தறியில் குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைச் சொல்கிறாரா, நாடியைச் சொல்கிறாரா என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. மறுபடி பிடித்தேன், இந்தத் தடவை முழு நிமிடம். இரண்டு துடிப்பு ஒட்டி வந்தது, அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு பலமான துடிப்பு, மூன்று மெல்லிய துடிப்பு. எந்த ஒழுங்குக்கும் அடங்கவில்லை. அந்த இதயக் குறி, ‘துடிப்பு ஒழுங்காக இல்லை’ என்று மிஷின் சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கை.

மறுநாள் இசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை நடுக்கம் என்று வந்தது.

படி 1: இடத்தைக் கண்டுபிடிப்பது

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். காபி, டீ, பீடி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கையை மடியிலோ மேசையிலோ உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பை ஒட்டியிருக்கும் பள்ளத்தில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்க வேண்டாம். அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு, உங்கள் நாடியையே நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ரொம்ப அழுத்தினாலும் துடிப்பு மறைந்துவிடும்.

கழுத்தில் பார்ப்பதை வீட்டில் தவிர்த்துவிடலாம். அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் இதயம் மெதுவாகி மயக்கம் வரலாம்.

இந்த மூன்று விரல் வைப்பு சித்த வைத்தியர்களுக்கும் பொது. ஆள்காட்டி விரலுக்குக் கீழே வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்பது அவர்கள் கணக்கு; மூன்றும் 1, 1/2, 1/4 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பார்கள். கொங்கணர் தவமிருந்ததாகச் சொல்லும் ஊதியூர் மலை காங்கேயத்துக்குப் பக்கத்தில்தான், அதனால் இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. அவர்களுடைய எண்வகைத் தேர்வில் நாடி ஒன்றுதான். நாக்கு, நிறம், பேச்சு, விழி, தொடு உணர்வு, மலம், சிறுநீர் என்று மற்ற ஏழையும் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். அந்தக் கணக்கும் இசிஜி கணக்கும் வேறு வேறு அளவுகோல்கள். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க நான் முயல்வதில்லை.

படி 2: எண்ணுவது

முழுசாக 60 விநாடி. குறுக்குவழி வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஓய்வில் 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். தோட்டத்தில் உழைத்து உரமேறிய உடம்புக்கு 55கூட இருக்கும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு கூடுதல் இருந்தால் ஏறும். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளால் இறங்கும்.

இங்கேதான் நரம்பு உள்ளே வருகிறது. இதயத்துக்குள் இருக்கும் துடிப்பு முடிச்சை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 பக்கம் துடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் அதை 70க்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகள் தார்க்குச்சி என்றால் வேகஸ் மூக்கணாங்கயிறு. காங்கேயம் காளையை ஓட்டிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கயிறு அறுபட்டிருக்கும். அவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடுவது அதனால்தான்.

வேகஸில் ஓடும் இழைகளில் பெரும்பங்கு மூளையிலிருந்து கீழே வருவதில்லை. உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறது. இதயம், நுரையீரல், குடல் எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று மூளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பது இந்த வழியாகத்தான்.

படி 3: ஒழுங்கைக் கேட்பது

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும். எண்ணுவதை நிறுத்திவிட்டு இன்னொரு நிமிடம் தாளத்தை மட்டும் கவனியுங்கள்.

எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து, அடுத்தது கொஞ்சம் தாமதமாக, பலமாக வருவது பலருக்கு இருக்கும். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு வகை, மாமாவுக்கு வந்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கே இருக்காது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதால் அப்படி. அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. பெரிய பக்கவாதம் வராவிட்டாலும், வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் மூளையில் சேரலாம். மறதி நோயும் இவர்களுக்கு அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் அது எடுத்துக்கொள்வது சுமார் 20 சதவீதம். இவ்வளவு தண்ணீர் கேட்கும் வயலுக்கு மடை மாறி மாறி அடைத்தால் என்னவாகும் என்று கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்காரர்களிடம் கேளுங்கள்.

பலருக்கு இது எந்தத் தொந்தரவும் கொடுக்காது. மாமாவுக்குப் படபடப்பு, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. 65 தாண்டியவர்களுக்கு மாதம் ஒரு முறை இந்த ஒரு நிமிடத்தை ஒதுக்குங்கள். ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்த வாரமே இசிஜி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்பதை வயது, பிரஷர், சர்க்கரை எல்லாம் கூட்டிப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். தந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கைக்கடிகாரம் சொன்னால் நம்பலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதன் அடியில் எரியும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவதை அளக்கிறது. அசையாமல் இருக்கும்போது நன்றாகவே எண்ணும். எச்சரிக்கை காட்டினால் இசிஜி எடுங்கள், காட்டாவிட்டால் அதுவே நற்சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: மூச்சோடு சேர்த்துப் பார்ப்பது

நாடியில் விரலை வைத்தபடி ஐந்து விநாடி மெதுவாக மூச்சை இழுத்து, ஐந்து விநாடி விடச் சொல்லுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வரும், விடும்போது விலகும். முழு ஆரோக்கியமான நாடி கடிகாரம் மாதிரி இருக்காது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள், விரலில் படும்வரை. வேகஸ் மூச்சுக்கு மூச்சு கயிற்றை இறுக்கித் தளர்த்துவதால் வருவது இது. சிறுவர்களுக்கு நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும்.

நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அசைவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதுண்டு; ஓய்விலேயே நாடி 90க்கு மேல் நிற்கும். கால் எரிச்சல் மட்டுமல்லாமல் இதயத்துக்குப் போகும் நரம்பும் சர்க்கரையில் பழுதாகும். எங்கள் ஊர்களில் வீட்டுக்கொரு சர்க்கரை இருப்பதால் இதைச் சொல்கிறேன். விரலால் பார்த்து இதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. சந்தேகம் வந்தால் இசிஜி மிஷினில் இதே மூச்சுச் சோதனையைச் செய்து அளப்பார்கள்.

படி 5: படுத்து, எழுந்து

இதற்குப் பிரஷர் மிஷின் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷரும் நாடியும் எழுதுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம்.

பிரஷர் இறங்கும்போது நாடி என்ன செய்கிறது என்பதுதான் இதில் சூட்சுமம். தண்ணீர் குறைவாகக் குடித்தவர், வெயிலில் நின்றவர் என்றால் நரம்பு உடனே விழித்து நாடியைக் கூட்டிவிடும். பிரஷர் தாராளமாக இறங்கியும் நாடி ஏறாமல் அப்படியே நின்றால், நாடியையும் பிரஷரையும் தானாகவே பார்த்துக்கொள்ளும் தானியங்கு நரம்பு மண்டலம் தூங்குகிறது என்று சந்தேகிக்கலாம். நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடாதவராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். பார்க்கின்சன் நோயிலும், லூயி பாடி என்ற வகை மறதி நோயிலும் இந்தக் கோளாறு ஞாபகம் குறைவதற்கு முன்பே தலைகாட்டலாம்.

படி 6: மாத்திரை டப்பாவைக் கவிழ்ப்பது

நாடிக்கும் ஞாபகத்துக்கும் நடுவில் உண்மையான கயிறு ஒன்று உண்டு. அதன் பெயர் அசிட்டைல்கோலின்.

1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு பேசுவது ரசாயனத்தால் என்று அன்றைக்குத் தெரிந்தது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசும் கிடைத்தது. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். நடுராத்திரியில் எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லையாம். மறுநாள் இரவு அதே கனவு வர, நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டார்.

இதயத்தை மெதுவாக்கும் அதே பொருள்தான் மூளையில் கவனத்துக்கும் புது ஞாபகத்துக்கும் வேண்டியிருக்கிறது. அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் பல முடிச்சுகள் அவிழும்.

மறதிக்குக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை, அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கிறது. அதே காரணத்தால் நாடியையும் குறைக்கலாம். அதைச் சாப்பிடுகிறவருக்கு நாடி 50க்குக் கீழே போனாலோ தலைசுற்றி விழுந்தாலோ உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

நேர்மாறாக, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவழைக்கிற பழைய மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்கான சில மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள் இந்தப் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. வாய் காயும், மலம் கட்டும், நாடி ஏறும், வயதானவர்களுக்குப் புத்தி குழம்பும். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதே தடத்தில்தான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள். என் அனுபவத்தில் மறதிக்கு முதல் வைத்தியம் பல நேரங்களில் அந்தப் பையில்தான் கிடைக்கும்.

அப்புறம் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகளும் டொனெபெசில் தடுக்கும் அதே நொதியை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத்தான் முடக்குகின்றன, ஆனால் கட்டுப்பாடே இல்லாமல். மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு எச்சில் ஒழுகி, வியர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு இரைத்தால் அது நரம்பு நச்சு. நாடி பெரும்பாலும் மெதுவாகும், சிலருக்கு முதலில் வேகமாகவும் இருக்கும். துணியைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவி, 108ஐக் கூப்பிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

படி 7: ஞாபகத்தையும் சேர்த்துப் பார்ப்பது

மூன்று சொல் சொல்லுங்கள். எருமை, விளக்கு, மாங்காய் என்று சம்பந்தமில்லாமல் எதுவானாலும் சரி. திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, மூன்று நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு மறுபடி கேளுங்கள். படித்தவர் என்றால் நடுவில் ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாத ஆத்தாவிடம் கடிகாரம் வரையச் சொல்வது நியாயமில்லை. அவரிடம் மாறுதலைக் கேளுங்கள்: சந்தையில் சில்லறை எண்ணுவதில் தடுமாற்றம் உண்டா, அரிசிம்பருப்பு சாதத்துக்கு உப்பை இரண்டு தடவை போடுகிறாரா, பழகிய வழியில் நின்று யோசிக்கிறாரா. பெயர் மறப்பது பெரிதில்லை. போன வருடம் செய்த வேலை இந்த வருடம் வரவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பி12, தைராய்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்பார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். நரம்பும் ஞாபகமும் சேர்ந்தே மங்கும். காதையும் சோதியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. பிரஷர், சர்க்கரை, புகை, உட்கார்ந்தே இருப்பது, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் உண்டு. விசைத்தறிச் சத்தத்திலும் பனியன் கம்பெனி இரைச்சலிலும் முப்பது வருடம் கழித்தவர்களின் காதை யார் பார்க்கிறார்கள்?

மாத்திரை தவிர என்ன செய்யலாம் என்றால், வாரம் 150 நிமிடம் வேர்க்க நடப்பது. இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி பழகுகிறார்கள். பாட்டையும் அடவையும் ஞாபகம் வைத்து, பத்துப் பேரோடு சேர்ந்து ஆடும் அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நாடி ஒழுங்கில்லை என்று தெரிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சென்னிமலையின் 1,320 படிகளில் ஏற வேண்டாம். முருகன் கோவிலுக்குத் தார் ரோடும் இருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று திடீரென்று வந்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்காமல் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஊரிலிருந்து ஈரோடோ கோயம்புத்தூரோ போய்ச் சேரும் நேரமும் அதற்குள் அடக்கம். நெஞ்சுவலி, மயங்கி விழுவது, ஓய்வில் 120க்கு மேல் நிற்கும் நாடி, தலைசுற்றலோடு 50க்குக் கீழே போகும் நாடி இவையும் அன்றே பார்க்க வேண்டியவை.

படி 8: நோட்டுப் போடுவது

தேதி, நேரம், நாடி எண், ஒழுங்கா இல்லையா, பிரஷர், அன்றைக்கு நடந்த விசேஷம். ஒரு வரி போதும்.

மாமாவுக்கு இப்போது உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, நாடியைக் குறைக்க ஒன்று. சர்க்கரை மாத்திரையால் பி12 அடிமட்டத்தில் இருந்தது, ஊசி போட்டோம். மறதி பாதி சரியானது, பாதி அப்படியேதான் இருக்கிறது. நாடியும் ஒழுங்குக்குத் திரும்பவில்லை, எண்ணிக்கைதான் 80க்குள் அடங்கியிருக்கிறது. தறிக்கு நூல் சுற்றும் தார்க் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அவரே எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை எழுதியது: ‘78. அறுந்து அறுந்துதான் ஓடுது. பெட்ஷீட் ஒண்ணரை.’